நீ நீட்டியதை நான் வாங்கவில்லை

மச்சான்,

நேற்று மாலை நான் குடியிருக்கும் ஜெலுத்தோங் பிளாட்டில் படியேறிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மறுபடியும் கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாரோ கஞ்சா பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாடை இன்னும் கலையவில்லை. கையில் ரொட்டிப் பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்த பக்கத்து வீட்டுச் சீன அம்மா உடம்புக்கு என்ன என்று மலாயில் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நீ போய் நான்கு வருடமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியிருக்கிறது, பார்.

நாம் வேலை பார்த்த மோட்டார் சைக்கிள் பட்டறை உனக்கு நினைவிருக்கும். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று நீ சொல்லிவிடுவாய். நீ சொன்ன இடத்தை நான் கழற்றுவேன். ஆறு மணிக்குக் கடையை மூடியதும், பின்னால் பழைய டயர்கள் கிடக்கும் இடத்தில், கடலைப் பார்த்து உட்காருவோம். ஒரே கஞ்சாவை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுப்போம். நீ முதலில் இழுத்து, ஈரமான முனையைக் கட்டைவிரலால் துடைத்து நீட்டுவாய். "இந்தா மச்சான், ராஜா மாதிரி இழு" என்பாய்.

நடுவில் இரண்டு வருடம் நீ காணாமல் போனாய். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து போதை ஊசிப் பழக்கத்தில் விழுந்தாய். அதிலிருந்து நீயாகவேதான் எழுந்து வந்தாய். பாதி உடம்போடு வந்து நின்ற உன்னை முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்துக்கொண்டார். எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

பிறகு அந்த மாலை. கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்.

"டெஸ்ட் எடுத்தாங்க மச்சான். எய்ட்ஸ் கிருமி இருக்காம். ஊசியில வந்திருக்கும்னு சொல்றாங்க. உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன். அக்காவுக்கே இன்னும் தெரியாது."

நீ வழக்கம்போலக் கஞ்சாவைச் சுற்றினாய், பற்ற வைத்தாய், இழுத்தாய், துடைத்தாய், நீட்டினாய்.

"நான் விட்டுட்டேன் மச்சான்" என்றேன்.

"எப்ப விட்ட?"

"போன வாரமே."

முந்தின நாள் மாலைதான் அதே இடத்தில் இருவரும் சேர்ந்து பிடித்திருந்தோம். நீ என் முகத்தைப் பார்த்தாய். "நல்லதுதான் லா" என்றாய். பிறகு கடல் பக்கம் திரும்பி, முழுவதையும் நீயே இழுத்து முடித்தாய்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உன் நோயைப் பற்றிப் பட்டறையில் நான் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. மறுவாரம் எல்லாருக்கும் தேநீர் கிளாஸில் வந்தது. உனக்கு மட்டும் பிளாஸ்டிக் பையில், ஸ்ட்ரா போட்டு. நீ அதை ஆணியில் மாட்டி வைத்துக் குடித்தாய். யார் சொல்லியிருப்பார்கள் என்று என்னிடம் கேட்கவே இல்லை. மாதம் முடிவதற்குள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாய்.

வாடிக்கையாளர்கள் உன்னைத் தேடினார்கள். "கஞ்சா அடிச்சு அடிச்சே உடம்பக் கெடுத்துக்கிட்டான்" என்று சொல்லி அனுப்பினேன். என் வாயிலும் அதே வாடைதான் இருந்தது, மச்சான். நீ இல்லாத இடத்தில் வேறு ஆட்களோடு உட்கார்ந்து பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உன் அக்கா பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, அவனுக்கு முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு. கழுத்துல கட்டி கட்டியா இருக்கு. அந்தக் கஞ்சாவ ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் கஞ்சி உள்ள இறங்குது. நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் திட்டுறாரு. இவன் கேக்க மாட்டேங்கிறான். அத இழுத்தாத்தான் ஆளுங்க பேசுறது காதுல விழாதாம்."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உடம்பு உள்ளுக்குள்ளயே எரிஞ்சிக்கிட்டு இருக்காம் தம்பி. அதுல பயமும் வெக்கமும் சேந்தா இன்னும் மோசமாகுமாம். ஆளுங்க வந்து போனா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு. தொட்டா ஒட்டாது, ஒரே கிளாஸ்ல குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸ் அடிச்சு சொல்றாங்க. ஒருக்கா வாங்களேன்."

"நாளைக்கு வரேங்க்கா" என்றேன்.

உன் கஞ்சாவை வேண்டாம் என்று சொன்ன மாலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. பயந்தேன், அவ்வளவுதான். ஆனால் அக்கா சொன்ன பிறகு எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வரவில்லை. அக்கா மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நாளைக்கு என்றேன். ஒருநாள் மட்டும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு உன் வீட்டு மாடிவரை வந்தேன். உள்ளே நீ இருமுவது கேட்டது. கதவுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்தபடி நின்றேன். பழத்தை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

உன்னை எடுத்துப்போன அன்று கீழே நின்றேன், தலைக்கவசத்தைக் கழற்றாமல். சிம்பாங் அம்பாட்டிலிருந்து உன் மாமா மகன் வந்திருந்தான். அவனோடு உன்னைத் தூக்கிய மற்ற மூவரும் கையுறை போட்ட கூலியாட்கள். நாலாவது தோளுக்கு ஆள் இல்லாமல்தான் அவர்களில் ஒருவரைக் கடைசி நேரத்தில் கூலி பேசி அழைத்து வந்தார்கள். நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து உன் அக்காவைப் பாசாரில் பார்த்தேன். மீன் கடைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார். "ஏன் தம்பி ஒளியிறீங்க? அவன் உங்கள ஒரு வார்த்த கொற சொல்லல. மச்சானுக்குப் பட்டறைல வேலை அதிகமா இருக்கும்க்கா, போயி தொந்தரவு பண்ணாதன்னுதான் சொன்னான்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

இத்தனை வருடமும் உனக்கு என்ன ஆனது என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றே சொல்லி வந்தேன். போன மாதம் அந்த டாக்சிக்கார அண்ணன் வந்திருந்தார். அவருடைய பழைய வண்டியை நீதான் பார்ப்பாய். உன்னைக் கேட்டார். முதன்முதலாக, எய்ட்ஸில் போய்விட்டான், என் நண்பன் அவன் என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்லியே தம்பி?" என்றார்.

"ஐயோ, எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன், மச்சான். அவர் அரையடி பின்னால் நகர்ந்திருந்தார். நான் அதற்குள் உன்னைவிட்டு எவ்வளவோ தூரம் போயிருந்தேன்.