குழாயின் அடியில் ஒரு கறுப்பு

இன்று காலை ஆய்வக இயந்திரத்தில் சுழற்றி எடுத்த குழாயின் அடியில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்ச் செல்கள் மிளகளவு கறுப்பாகத் திரண்டிருந்தன. கண்மை மாதிரி இருக்கிறது என்பாய் நீ. உன் நினைவோடு அந்தப் பழைய பொறாமையும் வந்துவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை.

நான் செவ்வாப்பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, கும்மிடிப்பூண்டி ஆய்வகத்துக்குக் கசங்கி வந்து சேர்வேன். நீ அந்த ஊர்க்காரி. இரும்பு ஆலைக்குப் போகும் அப்பாவின் வண்டியில் வந்திறங்கி, கேன்டீனில் நாஷ்டாவே முடித்திருப்பாய். அதுவே எனக்கு எரியும்.

அந்தச் செல்களுக்குள் இருக்கும் ஒரு படியெடுத்தல் காரணியை, அதாவது மரபணுக்களை இயக்கும் ஒரு புரதத்தை, ஆராய்வதுதான் நம் வேலை. நிறமி மரபணுக்களைத் தட்டியெழுப்புவதும் அதுதான், செல்லைச் சாகாமல் காக்கும் மரபணுவை எழுப்புவதும் அதுதான். அதை அடக்கினால் செல்கள் சாகவேண்டும். மாதக்கணக்கில் அடக்கிப் பார்த்தேன். கறுப்பு வெளுத்தது, தட்டில் ஒட்டியிருந்த செல்களைச் சோதித்தால் எல்லாம் உயிரோடு இருந்தன. நீ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாய்.

"இன்னாடி, செத்ததெல்லாம் மெதந்துக்கினு கீது. அத்த ஊத்திட்டு உயிரோட கீறத மட்டும் எண்ணிக்கினு கீற?"

செல்கள் வளரும் பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதிதை ஊற்றுவது நம் எல்லோர் கைக்கும் பழகிய வேலை. வடித்ததை நீ சுழற்றினாய். செத்த செல்கள் அடியில் குவிந்தன. செல்கள் என்னுடையவை, சோதனை என்னுடையது. மேலாளர் பாராட்டியது உன்னை. தலைவலி என்று சொல்லி அன்று டீ குடிக்க வரவில்லை நான். நீ என் பங்கு பஜ்ஜியையும் தின்றுவிட்டு வந்தாய்.

டெங்குவில் நீ போன பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைதானாம்மா? நீ வளக்கிற செல்லு ஒண்ணுகூட கெட்டுப்போவாதாமே. என் செல்லுக்கு மட்டும் பூஞ்ச புடிக்குது, அவளுக்கு மட்டும் எப்பிடி வளருதுன்னு எம்பொண்ணு ஊட்ல டெய்லி பேஜாரு பண்ணுவா."

அழுதேன். கோபமும் வந்தது. பொறாமையில்கூட நீ எனக்குப் போட்டியா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது வடித்த திரவத்தை நான் கொட்டுவதில்லை. புதிதாக வந்தவர்களையும் கொட்டவிடுவதில்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்கிறார்கள். உன் பெயரைச் சொல்கிறேன். சொல்லும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும். இதை அடக்க வழி தெரிந்தாலும் அடக்கமாட்டேன். உன்னோடு இருந்ததில் இன்னும் சாகாமல் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.