உன் பேரில் வந்தவன்

அடி அண்ணாமலை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா பொன்னி எழுதுவது. நீயும் சினேகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் உன் தங்கை மதிவதனியிடம் புனே விலாசத்தை வாங்கி எழுதுகிறேன். அப்பா போய் இன்றோடு எட்டு நாள். மதி அனுப்பிய செய்தியை நீ பார்த்தாயாம், பதில் போடவில்லையாம். எனக்குக் கோபம் இல்லை. நீ சினேகாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, என் பொணத்தைப் பார்க்கக்கூட இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் அவர்தானே. எதிலும் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை, இதில் மட்டும் கேட்டுவிட்டாய்.

கல்லீரல் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒன்பது நாள் நான்தான் துடைத்துவிட்டு, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்தேன். கண் திறக்கும்போதெல்லாம் அறிவு வந்துட்டானா என்பார். எத்தனை தடவைதான் இல்லை என்பது? ஆறாம் நாள் பொய் சொல்லிவிட்டேன். கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, வந்துட்டான், இதோ உட்கார்ந்திருக்கான் பாருங்க என்றேன்.

பார்த்தார். ஏண்டா இப்படி இளைச்சுப் போயிட்ட என்று கேட்டார். அப்புறம் எல்லாப் பேச்சும் நாற்காலியிடம்தான். மறுநாள் மத்தியானம் என்னை வெளியே போகச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ரொம்ப நேரம் பேசினார், வார்த்தை பிடிபடவில்லை. நடுநடுவே நிறுத்தி, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டார். அழுதார். கடைசியில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஆறு வருஷம் ஆகிறது.

உயிர் இழுத்துக்கொண்டிருந்த அன்று ஆளாளுக்குப் பால் ஊற்றினோம். என் கையால் குடித்தார், மதி கையால் குடித்தார். உன் பேரைச் சொல்லி ஸ்பூனை நீட்டினேன். வாயை மூடிக்கொண்டார். அவன் அப்பவே ஊத்திட்டான் என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

நாற்காலியைக் கழுவி மொட்டை மாடியில் போட்டேன். காலையில் பார்த்தால் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. நீயே எடுத்துப் போட்டிருப்ப என்கிறாள் மதி. இருக்கலாம், எனக்குச் சர்க்கரை வேறு ஜாஸ்தி, செய்தது மறந்துபோகிறது. ஆனால் முந்தாநாள் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த ஒரு அம்மா வாசலில் தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கிக்கொண்டு, உள்ள உட்கார்ந்திருக்கிற உங்க பிள்ளைகிட்டதான் முதல்ல கேட்டேன், திரும்பவே இல்லையே, காது கேக்காதா என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

பயமாக இருக்கிறது, அறிவு. ஆனால் அதைப் போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்பா உனக்கென்று சொன்னதெல்லாம் அதனிடம்தானே இருக்கிறது? எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

நேற்று சோறு போடும்போது, சாப்பிட வாடா என்று என்னையறியாமல் உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன். நாற்காலி கிறீச்சென்றது.

நாளை விட்டு அடுத்த திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியம். சினேகாவையும் கூட்டிக்கொண்டு வா. வாசலில் தயங்கி நிற்காதே, நேராக உள்ளே வந்துவிடு. இரண்டு பேரில் யார் என் பிள்ளை என்று என்னை யோசிக்க வைத்துவிடாதே சாமி. நீ நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன்னைப் பெற்ற அம்மா,
பொன்னி.