நடு சீட்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் பாட்டில், காலையில் நிரப்பியது, சாயங்காலமும் அப்படியே இருந்தது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம், நீயும் மாமாவும் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும். இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு, பிரசவத்துக்கு வர முடியாது, பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று நயமாக எழுதச் சொன்னாள். போனில் சொன்னால் நீ அழுவாயாம். ஆர்டர் ஒன்றும் குவியவில்லை, நான்தான் பட்டன் தைக்கிறேன், எனக்குத் தெரியாதா. மாமா எடுத்த டிக்கெட்டில் நடு சீட் என்று தெரிந்த நாளிலிருந்துதான் அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. விசாரித்தால், "பதினாலு மணி நேரம்டி. ஓரத்துல யாரோ தூங்கிட்டு இருப்பாங்க. பாத்ரூம் போகணும்னா அவங்களை எப்படி எழுப்புறது?" என்றாள். வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்க வாய் வராமல் எட்டாவதோடு நின்ற என்னிடம் போய்க் கேட்கிறாள்.

அப்பா இத்தனை வருஷம் பஸ் ஓட்டியும் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் நடுவில் ஒரு ஸ்டாப்கூட இல்லை என்பதை இன்னும் நம்பவில்லை. போக பதினாலு மணி, திரும்பிவர பதிமூன்று என்று மாமா அனுப்பியதை அவர் படித்துக் காட்டியதும், அவள் என்ன மேட்டிலா குடியிருக்கிறாள் என்று அம்மா கேட்டாள். எதிர்க்காற்று என்றார். அப்படியானால் திரும்பி வருகிற விமானத்திலேயே போய்விடுகிறேன் என்றாள். அப்பா நேராக டிப்போவுக்குப் போய், கழித்துப் போட்ட மூன்று பேர் சீட் ஒன்றைத் தூக்கிவந்து, முழங்கால் இடிக்கிற மாதிரி மிஷினுக்கு எதிரே போட்டார். துணி எடுக்க வருகிறவர்கள் டிக்கெட் கேட்கிறார்கள். சுவரோரம் அப்பா, நடுவில் அம்மா, வழியோரம் நான், முன்பின் தெரியாதவளாக. முதல் நாள் அம்மா என் காலைத் தாண்டப் பார்த்து மிஷினில் இடித்துக்கொண்டாள். மறுநாள் நானாகக் கண் திறக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்று கடைசி என்று அப்பா சொல்லிவிட்டார். வாய் திறந்து கேட்டால் பயணம், இல்லாவிட்டால் ரத்து. அந்தப் பாட்டிலிலிருந்தே இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து உட்காரவைத்திருக்கிறோம். அப்பா நிஜமாகவே தூங்கிவிட்டார். இதை எழுத வேண்டியிருப்பதால் நான் தூங்காத பயணியாக இருக்கிறேன். அம்மா என்னைப் பார்க்கிறாள், மேலே ஃபேனைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுந்துவிடுவேன்.

எப்படி ஆனாலும் தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து எழ வேண்டும் என்பது அம்மா அப்பா இருவரின் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, கால் வீங்கினால் தொங்கப்போட்டு உட்காராதே. அம்மா உன்னோடு இல்லாமல் போனாலும் அவள்மேல் கோபப்படாதே, அவளுக்கு மனசு இல்லாமல் இல்லை.

இப்படிக்கு,
அம்மாவுக்காக,
உன் தங்கை

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது தோளில் ஒரு விரல் பட்டது. "ஏம்மா, கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்றாள். எழுந்து வழி விட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் பாட்டிலை நிரப்பி வைத்தேன்.