வயோலாவில் ஊற்றிய பால்

அண்ணே,

நேற்று மருமகள் ரேடியோவில் செய்தி தேடிக்கொண்டிருந்தபோது இடையில் மூன்று வாத்தியங்கள் கேட்டன. புல்லாங்குழல், வயோலா, ஹார்ப். "திருப்பாதேம்மா, இருக்கட்டும்" என்றேன். இன்று காலை நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு செய்தி. எனக்கு எழுத வருகிறது. ஈப்போவில் கோயிலுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. எண்பது வயதில் போய் உட்கார்ந்தேன். ஒரு வரி முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. முடித்ததும் எனக்கே சிரிப்பு வருகிறது. அந்தச் சந்தோஷத்தில் முதல் கடிதம் உங்களுக்குத்தான் என்று உட்கார்ந்தேன். எழுத வேண்டியது இதுவாக இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் வாத்திய அறைச் சாவி உங்களிடம் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, கூட்டித் துடைக்கும் வேலை. ஞாயிறு மாலைகளில் துரைசாணி ஹார்ப் வாசிப்பார். காம்பார் ஈயச் சுரங்கத்துத் துரை தம் வயோலாவை இங்கேயே வைத்திருந்தார். குழல் வாசிக்க ஈப்போவிலிருந்து ஒரு டாக்டர் வருவார். நீங்கள் கதவோரம் நின்று கேட்பீர்கள்.

"அந்தப் பிடிலுக்கு வயித்து வலியாண்ணே? எப்பப் பாரு முனகுது" என்பார் சமையற்காரர், வயோலாவைச் சொல்லி.

"சும்மா இருலா. குழலு கோவிச்சிக்குது, பெரிய வாத்தியம் கொஞ்சுது. நடுவுல உள்ளவன்தான் ரெண்டு பேருக்கும் நியாயமா பேசுறான். எட்டு வருசம் பால்மரத்துல கொசுப் பாட்டுத்தான் கேட்டேன். இத கெடுக்காத" என்பீர்கள் நீங்கள்.

ஒரு சனிக்கிழமை அறையைத் துடைக்கையில் வயோலாவைக் கைதவறிப் போட்டேன். அடிப்பலகை ஓரத்தில் ஒட்டு விட்டு, விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. தோட்டத்தில் குடை ஓட்டைக்கும் செருப்புக்கும் ரப்பர் மரத்துப் பால்தானே மருந்து? ஒரு மங்குக் கிண்ணம் பால் கொண்டுவந்து பிளவில் ஊற்றி, துணியால் இறுக்கிக் கட்டினேன். மறுநாள் காய்ந்து பிடித்திருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மாலை வில்லை வைத்ததும் வயோலா போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல முனகியது. சுரங்கத்துத் துரை அதைத் தூக்கி, பக்கத் துளை வழியே உள்ளே பார்த்தார். உள்ளே ரப்பர் தோல் படிந்திருந்தது. சாவி உங்களிடம் இருந்ததால் உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, "தெரியலம்மா" என்றீர்கள். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பங்களா வேலை போய், பால்வெட்டும் கத்தியோடு நீங்கள் வரிசையில் நின்றீர்கள். சாயங்காலம் உங்கள் லயத்துக்கு வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன். நான் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சொன்னீர்கள்: "கையில இன்னும் பால் நாத்தம் அடிக்குது, தம்பி. எலுமிச்சங்கா போட்டுக் கழுவு."

நானும் போய்க் கழுவினேன்.

வயோலா சிங்கப்பூர் போய்ச் செப்பமாகி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பாதையில் எனக்காக நின்றீர்கள். "நடுவுல உள்ளவன் இன்னிக்கி பேசுனானா?"

"பேசுனாண்ணே."

"என்ன பேசுனான்?"

எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று கதவோரம் நின்று கேட்கத் தொடங்கினேன். நாலைந்து வாரத்தில் ஞாயிறு எப்போது வரும் என்று எனக்கே இருந்தது.

பால் ஊற்றியது நான் என்று உங்களுக்குத் தெரியும். இனி எழுதப்போவது தெரியாது. இந்த இடத்தில் பென்சிலை மூன்று முறை கீழே வைத்தேன்.

ஒருநாள் துரைசாணி என்னிடம் மலாயில் கேட்டார்: "பாவம், அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடலாமா?" கோபம் ஆறியிருந்தது. நான் ஆமாம் என்றிருந்தால் போதும். அப்போது சாவி என் இடுப்பில் இருந்தது. நீங்கள் வந்தால் அந்தக் கதவு எனக்கு இல்லை. "அவருக்குப் பால்மரம் வெட்டுறதுதான் பிடிச்சிருக்காம், மேம்" என்றேன். அவர் நம்பினார், பிறகு கேட்கவில்லை.

அந்த வாரமும் பாதையில் நின்றீர்கள். நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று.

துரைசாணி கப்பலேறும்வரை, ஐந்து வருடம், நான் அங்கே நின்று கேட்டேன். ஒன்றுகூட மறக்கவில்லை. அத்தனையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அண்ணே.