நிழல் படலத்தில் ஒரு கோடு

நாள் 112, 12:10. நிலவுத்தளம், படக்கூடம்.

முதலில் ஒரு திருத்தம். தளத்தில் பேசிக்கொள்வதுபோல் எனக்குக் கண் மங்கவில்லை. புறப்படுமுன் நடந்த சோதனையில் கடைசி வரிவரை வாசித்தேன். அமலோற்பவம், வயது எழுபத்தொன்று, கணவரை இழந்தவள். கண்ணாடி, புத்தகம் வாசிக்க மட்டும்.

பணி: புதிய குடியிருப்புக் கூடத்தின் படம். சுவரிலுள்ள கருவிகள் அளந்து தருவதைக் கணினி தனித்தனிப் படலங்களாக வரையும், அதை ரெண்டர் என்போம்: வெளிச்சம் ஒன்று, நிழல் ஒன்று, பிரதிபலிப்பு ஒன்று. ஃபோட்டோ எடிட்டர் மென்பொருளில் அவற்றை அடுக்கி ஒரே படமாக்குவது நான். அதைப் பார்த்துத்தான் கூடத்தில் ஆட்கள் குடியேறப் பூமியிலிருந்து அனுமதி தருவார்கள்.

நிழல் படலத்தில், வடக்குச் சுவர் மூட்டருகே முடி போன்ற கோடு. ரெண்டர் இரைச்சல், கணினி வரையும்போது விழும் வெற்றுப் பிசிறு. துடைத்தேன். படலங்களை ஒன்றாக்கி அனுப்பினேன். மாலைக்குள் கேட்டார்கள், நண்பகலிலேயே கொடுத்துவிட்டேன்.

நாள் 114, 16:40.

அனுமதி வந்தது. வெல்டர் ரெக்ஸனும் அவர் குழுவும், நால்வர், குடியேறினர். ரெக்ஸன் தூத்துக்குடிக்காரர். அவர் செய்தி:

"மேடம், படத்துல பாத்தத விட நேர்ல அழகா இருக்கு. எம் பொண்டாட்டிக்கு ஒரு காப்பி அனுப்புங்க. நான் குடிசைல கெடக்கேன்னு ஊரெல்லாம் சொல்லுதா."

அனுப்பினேன். மகிழ்ச்சியாகவே அனுப்பினேன்.

நாள் 117, 10:20.

புதிய ரெண்டர். அதே இடத்தில் அதே கோடு. இப்போது நீளம்.

இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். ஒரே இடத்துக்குத் திரும்பி வராது. இது சுவரில் விரிசல். 112ஆம் நாளின் படலங்கள் இல்லை; ஒன்றாக்கியதும் நீக்கிவிடுவது என் வழக்கம். மிச்சமிருப்பது நான் அனுப்பிய சுத்தமான படம்.

நாள் 117, 13:00.

நால்வரையும் வெளியேற்றச் சொல்லி எழுதினேன். பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நித்திலாவின் பதில்:

"மேடம், நிழல் படலத்துல வர்றதெல்லாம் இரைச்சல்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? உங்க பழைய படத்துல அந்தச் சுவர் பளிச்சுனு இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க."

ரெக்ஸனிடமும் சொன்னேன்.

"நீங்க கையெழுத்துப் போட்ட படம்லா மேடம்? இங்க ஒண்ணும் இல்ல. ஏன் பதறுதிய? கன்ட்ரோல் சொன்னா கெளம்புதோம்."

நாள் 118, 11:05.

கண் மங்கியதென்று ஒப்புக்கொண்டால் எல்லோரும் என்னை மன்னிப்பார்கள். அப்படியானால் நேற்று பார்த்த கோடும் பொய்யாகிவிடும். நால்வரும் உள்ளேயே இருப்பார்கள்.

ஆகவே நித்திலாவுக்கு இதை அனுப்புகிறேன். 112ஆம் நாளே கோட்டைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். சந்தேகமும் வந்தது. மறுபடி முழு ரெண்டர் எடுக்க அரைநாள் ஆகும். தாமதம் என்று ஒருவர் சொல்வதை நான் தாங்கமாட்டேன். கான்வென்டில் சிஸ்டர் பிளாண்டினா மைப்பொட்டைச் சுரண்ட விடமாட்டார், பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வைப்பார். நான் சுரண்டினேன்.

நாள் 118, 11:30.

நித்திலா: "படிச்சேன் மேடம். உடனே வெளியேறச் சொல்லிட்டேன்."

நாள் 118, 11:38.

ரெக்ஸன்: "சூட் மாட்டுதோம் மேடம். ரெண்டு பேர் ரெடி. வடக்குச் சுவர்ல என்னமோ நெரியுத சத்தம்... எல, கதவுகிட்ட போங்கல! மேட"

நாள் 118, 11:41.

கூடத்தின் காற்றழுத்தம் விழுகிறது. நடைவழிக் கதவு தானாக மூடிக்கொண்டது. யார் எந்தப் பக்கம், தெரியவில்லை.

நாள் 118, 11:52.

அவசர ரெண்டர் எடுத்தேன்; அதில் மெல்லிய கோடு தெரியாது, சுவர் தெரியும். வடக்குச் சுவரின் எல்லாப் படலமும் வெறுமை. இரைச்சல்கூட இல்லை; அந்தச் சுவரின் கருவிகள் எதையும் அளந்து அனுப்பவில்லை. நான் எதையும் துடைக்கவில்லை.

ரெக்ஸன், குரல் இணைப்பு அறுந்துவிட்டது. எழுத்து இணைப்பு இருக்கிறது. நால்வரும் கதவுக்கு இப்பால் வந்துவிட்டீர்களா? எழுத்தில் பதில் தரவும்.