ஒடியல் பேணிக்குள் இருந்த லென்ஸ்

இன்று காலை உன் மனைவி பழைய துவாயில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவிழ்க்கும் முன்பே ஒடியல் மணத்தது. உன் லென்ஸ்தான். கடற்காற்றின் ஈரம் பட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும் என்று நான் ஒருமுறை சொல்லிவைத்தேன். நீ வீட்டிலேயே நன்றாக உலர்ந்த இடம் எது என்று யோசித்து, ஒடியல், அதுதான் காய்ந்த பனங்கிழங்கு, போட்டுவைக்கும் தகரப் பேணிக்குள் அதை இறக்கிவிட்டாய். ஒடியல் மாத்தூள் லென்ஸின் வளையத்துக்குள் போய், திருப்பும்போதெல்லாம் கறகறவென்றது. நான் ஏசினேன். "ஈரம் பிடிக்கேல்லைத்தானே?" என்று என்னையே திருப்பிக் கேட்டாய்.

அந்த லென்ஸை வாங்கச் சொன்னவன் நான். ஒரு வருடமாக என் நெஞ்சை அறுத்தது அதுதான்.

படகு என்ஜின் திருத்தும் உனக்கும், தெல்லிப்பழை அரசாங்கக் கந்தோரில் கோப்புக் கட்டும் எனக்கும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் பறவைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. உனக்கு எடுத்த எடுப்பிலேயே அறுநூறு மில்லிமீற்றர் பெரிய லென்ஸ் வேண்டும். "பூநாரையின்ரை கண் தெரியவேணும் மச்சான்" என்றாய். நானும் உன்னைப் போலத் தொடக்கக்காரன்தான். ஆனாலும் இணையத்தில் நாலு பக்கம் வாசித்த திமிரில் பேராசிரியர் மாதிரிக் கதைத்தேன். "அகலக் கால் வையாதை. முந்நூறு மட்டும் போற சின்னன் ஒண்டு, பாவிச்சதெண்டாலும் பறவாயில்லை, கைநடுக்கத்தைத் தாங்கிறதாப் பார்த்து எடு. கை பழகின பிறகு பெரிசைப் பாப்பம்."

யாழ்ப்பாணத்துக் கடையில் முதலில் காட்டிய லென்ஸின் பின்பக்கம் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி கட்டியதுபோல் வெள்ளை இழைகள். துடைத்தால் போய்விடும் என்றார் கடைக்காரர். நீ மூடிவைத்தாய். அடுத்ததன் முகத்தில் ஒரு கீறல். நீ முகத்தைச் சுளித்தாய். வெளிக்கீறல் படத்தில் விழாது, உள்ளே வளருவதுதான் கண்ணாடியைத் தின்னும் என்று நான் சொன்னேன். உன் கமராவில் பூட்டி, தானாகக் குவிகிறதா என்று தெருவில் போன சைக்கிளைப் பிடித்துப் பார்த்து, அதையே வாங்கினோம். வீடு வரும்வரை நீ போனில் அறுநூறின் விலையையே பார்த்துக்கொண்டு வந்தாய். பெரியதில்தான் மனம் கிடக்கிறது என்று எனக்கு விளங்கியது.

அதை வாங்கி எட்டு மாதத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. செத்த வீட்டில் உன் சின்னம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "பாவம், ஒரு பெரிய லென்ஸுக்கு ஆசைப்பட்டவன். ஆரோ குறுக்கை நிண்டு மறிச்சுப் போட்டாங்களாம்." அந்த ஆரோவாகிய நான் தேநீர்க் கோப்பையோடு அவவுக்கு முன்னால்தான் நின்றேன். அன்றிலிருந்து நான் கமராவைத் தொடவில்லை. வாழ்நாள் எவ்வளவு என்று தெரியாமல் "பிறகு பாப்பம்" என்று சொன்ன என் நாக்கை நானே வெறுத்தேன்.

இன்று உன் மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உங்களுக்குத் தெரியாதே அண்ணை? இவர் போறதுக்கு முந்தின ஆடியிலை கனடாவிலையிருந்து என்ரை தம்பி தன்ரை பெரிய லென்ஸோடை வந்தவனெல்லே. இவர் ஒருநாள் அதை இரவல் வாங்கிக்கொண்டு அராலிக்குப் பறவை எடுக்கப் போனவர். தூக்கிக் குறிபாக்கிறதுக்குள்ளை பறவை பறந்திடுமாம். மத்தியானம் வந்து தோள் நோவெண்டு படுத்தவர், ரெண்டு நாள் எழும்பேல்லை. பிறகு இந்தச் சின்னனைத்தான் கழுத்திலை கொழுவிக்கொண்டு திரிஞ்சவர்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே!"

"உங்களுக்குத்தான் சொல்லவே கூடாதெண்டவர். 'உவனுக்குச் சொல்லிப் போடாதை, தான் சொன்னதுதான் சரியெண்டு பண்டத்தரிப்புச் சந்தி முழுக்கச் சொல்லித் திரிவான்' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

அடப் பாவி! அந்தக் கடைசி மாதங்களில் நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒரு வருடம் இப்படி வெந்திருக்க மாட்டேனே. அவர் போனபின் தனியே இருந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள்.

பின்னேரம் உன் லென்ஸை என் கமராவில் பூட்டிக்கொண்டு அராலிக்குப் போனேன். வளையம் இருநூறுக்கு மேல் திரும்ப மறுக்கிறது. பறவாயில்லை, கொஞ்சம் கிட்டப் போய் ஒரு மீன்கொத்தியை எடுத்தேன். கண் தெரிகிறது.

வரும் வழியில் சந்தியில் நம்மைத் தெரிந்த மூன்று பேர் நின்றார்கள். உன் சின்னம்மாவின் மகனும் நின்றான். சொல்வதற்கு வாய் துடித்தது. சைக்கிளை நிறுத்தாமல் வந்துவிட்டேன். நாற்பது வருடமாக உன்னோடு வாதாடி நான் வென்றது இந்த ஒன்றைத்தான். அதையும் ஒருவருக்கும் சொல்லாமல் உனக்காக வைத்திருக்கிறேன்.