நான்காவது டர்போ

6-4-87, திங்கள்

வெயில். ஒன்பது மணிக்கே ஆபீஸின் தகரக் கூரை முறுக ஆரம்பித்துவிட்டது. மின்விசிறி மேனேஜர் தலைக்கு மேல் மட்டும்.

வேலை: அப்பா ஓட்டும் கம்ப்ரசர் வண்டிக்கு, மார்ச் மாதம் இஞ்சின் ஓடிய மணிகளைக் கூட்டி ரிஜிஸ்டரில் ஏற்றியது. இஞ்சின் இதுவரை ஓடியது 11,340 மணி. பேனா கசிகிறது, விரலெல்லாம் நீலம்.

இந்த போர்வெல் கம்பெனியில் சேர்ந்து பதினோரு மாதம். துளை போடும் ரிக் இரண்டு, அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வண்டி இரண்டு, ஒரு மேனேஜர், ஒரு முதலாளி. இனி மு. என்றே எழுதுகிறேன். முழுதாக எழுதினால் மரியாதை கூடிவிடுகிறது.

மு. இன்று எல்லார் முன்னாலும் அப்பாவை நிற்க வைத்தார். அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார். ஆபீஸுக்குள் மற்ற எல்லார் காலிலும் செருப்பு இருந்தது.

"ஏண்டா ராசு, மூணாவது டர்போவும் போச்சு. நீ என்ன இஞ்சின் ஓட்டறயா, அரிசி மில்லு ஓட்டறயா?"

"எப்பவும் போலத்தானுங்க ஓட்டுனேன். முப்பத்தொண்ணாந் தேதி காத்தால ஸ்டார்ட் பண்ணுனதுமே நீலப்புகைங்க."

"புகை வந்தது எனக்கும் தெரியும். அது ஏன் வந்துச்சு?"

மேனேஜர் சொன்னார்: "பி.எஸ்ஸி. படிச்ச புள்ளைய பெத்து வெச்சிருக்கான். அதைய கேட்டாச் சொல்லும்."

சிரிப்பு. நான் தலையைத் தூக்கவில்லை. கூட்டல் இரண்டு முறை தப்பியது.

மாதப் பக்கங்களில் மு. கையெழுத்து வேண்டும். மே முதல் மார்ச் வரை பதினொன்றும் காலி. மேனேஜரிடம் நான்கு முறை நினைவூட்டியாயிற்று. மு. எதையும் படிக்கிறவர் இல்லை, விரல் வைத்த இடத்தில் போடுவார். அதற்குக்கூட ஆளில்லை.

7-4, செவ்வாய்

சேலம் பட்டறைக்காரர் செத்துப்போன டர்போவைக் கழற்றிக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு தண்டு, இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம். இஞ்சின் விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும், மறுபக்கச் சக்கரம் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும். அவ்வளவுதான் டர்போ. தண்டின் மேல் அடுப்புக்கரி போல் ஏதோ அப்பியிருந்தது.

"எண்ணெய் வெந்து கரியாப் போச்சுங்க. பேரிங் காலி."

மேனேஜர் உடனே: "பாத்தீங்களா? எண்ணெய் மாத்தறதில்ல அவன்."

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். 250 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியிருப்பது: 250, 248, 251, 250, 249. அப்பா வீட்டில் மாத்திரை சாப்பிடக்கூட இத்தனை ஒழுங்கு கிடையாது. பக்கத்தைத் திருப்பி மேனேஜர் பக்கம் நகர்த்தினேன்.

"எழுதறது நீ. உன்ற அப்பன் ராத்திரி ஊட்ல வந்து சொல்றதைய நீ எழுதறே. இதுக்குப் பேரு ரிஜிஸ்டரா?"

உண்மைதான். எல்லாம் என் கையெழுத்து. குறிப்புக் கட்டத்தில் அப்பா சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். "பாறை." "ஹேமர் மாற்றியது." "தண்ணீர். முதலாளி வந்து நிறுத்தினார்." என் அப்பாவுக்காக நான் எழுதிய எதுவும் செல்லாது.

மேனேஜர் வெற்றிலை போடும்போது கடைவாயில் ஒழுகுகிறது. எழுதி வைக்கிறேன், ஒரு காரணமும் இல்லாமல்.

8-4, புதன்

ஆபீஸ் பீரோவில், ஊதுபத்திக் கட்டுகளுக்கு அடியில், இஞ்சினோடு வந்த ஆங்கிலக் கையேடு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள், அட்டையிலும் உள்ளே ஒரு பக்கத்திலும். வருடா வருடம் கும்பிட்டிருக்கிறார்கள். ஒருவரும் திறந்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தயிர்ச்சாதம் புளித்துவிட்டது.

சந்தனம் பட்ட பக்கத்திலேயே இருந்தது. பாரம் இழுத்த இஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது. வேகத்தைக் குறைத்து ஐந்து நிமிடம் சும்மா ஓட விட வேண்டும். இஞ்சின் நின்றால் எண்ணெய் பம்ப்பும் நிற்கும். டர்போ மட்டும் நிற்காது, பழுக்கக் காய்ந்த நிலையில் எண்ணெய் இல்லாமல் சுற்றும். உள்ளே தங்கிய எண்ணெய் கரியாகும்.

கரி. நேற்று பார்த்தது.

அப்பா கைகழுவும்போது கேட்டேன். மண்ணெண்ணெய், பிறகு சோப்பு. எப்போதும் அந்த வரிசை.

"நிறுத்தறதுக்கு முன்னால மெதுவா ஓட விடுவீங்களாப்பா?"

"உடாம? பீடி ஒண்ணு குடிக்கிற நேரம் உடுவேன். அதுக்கும் மூச்சு வாங்கோணுமில்ல."

"எல்லாக் குழியிலயுமா?"

துண்டால் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"தண்ணி வந்த குழியில நான் எங்க சாமி நிறுத்தறேன்."

எனக்குத் தெரிந்ததுதான். நானே எழுதியதுதான். ஈர மண் மேலே வந்ததும் மோட்டார் சைக்கிளில் ஆள் போகும். மு. காரில் வந்து இறங்குவார். தண்ணீர் பீறிட்டதும் அவர் கையாலேயே நிறுத்துக் கம்பியை இழுப்பார். முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கிற இஞ்சின், ஒரே இழுப்பில் செத்து நிற்கும். அந்த அமைதியில் காட்டுக்காரர் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். மு. கை நிறுத்திய குழி வற்றாது என்று எடப்பாடி வரைக்கும் பேச்சு. காட்டுக்காரர்களே காத்திருந்து கேட்கிறார்கள்.

"அவருகிட்டச் சொல்லலையா?"

"மொத வருசமே சொன்னேன். கங்கை வந்து நிக்கறா, நீ இஞ்சினுக்கு மூச்சு வாங்கோணுங்கறயான்னு கேட்டாரு. பொறவு சொல்லல."

9-4, வியாழன்

மேனேஜர் சேலம் போயிருந்தார். ஃபேர்லேண்ட்ஸில் யாருக்கோ கல்யாணப் பத்திரிகை வைக்க. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

என் ரிஜிஸ்டரில் மூன்று டர்போவும் போன தேதிகள். மூன்றுக்கும் முந்தின நாள் குறிப்பு: "தண்ணீர். முதலாளி வந்து நிறுத்தினார்." நாளையைப் பற்றித் தெரியாமல் எழுதிய வரிகள்.

அடுத்து இரண்டாவது வண்டியின் ரிஜிஸ்டர். அதை மேனேஜரே எழுதுகிறார், கோழி கிளறியது மாதிரி. அந்த வண்டிக்கு ராசி இல்லை என்று பெயர். பாதிக் குழியில் தண்ணீர் வராது, புழுதிப் புகைதான் பறக்கும். மு. அந்தப் பக்கமே போக மாட்டார். டிரைவர்கள் அதற்கு "மூளி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூளி ஓடியது 13,100 மணி. டர்போ மாற்றியது: இல்லை. கம்பெனியிலிருந்து வந்த அதே டர்போ.

இரண்டு ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இல்லை. கோபம்தான் வந்தது.

10-4, வெள்ளி

முடிவாகிவிட்டது. திருச்செங்கோட்டிலிருந்து வேறு ஆபரேட்டர். வருடப் பிறப்புக்கு மறுநாள், 15ஆம் தேதி, அப்பா சாவியை ஒப்படைக்க வேண்டும். நான்காவது டர்போ மாட்டியாயிற்று. திங்கள்கிழமைக் குழி மட்டும் அப்பா ஓட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

மேனேஜர்: "டர்போ தின்னி ராசுன்னு ரிக்குக்காரனுக எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. இனி எவன் வண்டி குடுப்பான்?"

அதுதான் விஷயம். வேறு எங்கும் அவரை ஏற்ற மாட்டார்கள். பதினெட்டு வருடம் இஞ்சினைத் தவிர ஒன்றும் தெரியாது.

மு.விடம் சொல்ல வேண்டும். சொல்லும் வழிகள்:
1. நேராக. (பேச்சு வராது. கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் நின்றேன். பரிதாபப்பட்டு பாஸ் போட்டார்கள்.)
2. கடிதம். (படிக்க மாட்டார். மேனேஜர் படிப்பார்.)
3. அப்பா மூலம். (இல்லை.)
4.

மு. அறை வாசல் வரை போனேன். "என்ன அம்மிணி?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அழுக்குத் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்தேன், அதற்காகத்தான் போனதுபோல. என்மேலேயே காறித் துப்பலாம்.

12-4, ஞாயிறு

துணி துவைத்தது. சர்வீஸ் கமிஷன் விண்ணப்பத்துக்கு போட்டோ இல்லை.

அப்பாவோடு சண்டை.

"நாளைக்குத் தண்ணி வந்தா கம்பிய உடாதீங்க. அஞ்சு நிமிசம்."

"அவரு கையப் புடிக்கச் சொல்றயா?"

"புடிங்க."

அம்மா குறுக்கே வந்தாள். "படிக்க வெச்சது இதுக்குத்தானா? நாளைக்கு ஒரு நாள் வாய மூடிட்டுப் போயிட்டு வரட்டும். நாலு வார்த்த நல்லதாச் சொல்லி உடுவாங்க."

இத்தனை வருடத்தில் அம்மா அப்பாவிடம் சொன்ன நல்ல வார்த்தை நான்கு இருக்குமா? அப்பா சாப்பிடாமல் வெளியே போனார். கோட்டை மலை மேல் மேகம் போல் ஏதோ. மழை இல்லை, லாரிப் புழுதி.

13-4, திங்கள்

நடந்ததை வரிசையாக.

குழி பக்கத்திலேயே, சங்ககிரிக்கு வெளியே ஒரு கடலைக்காடு. இரண்டு மணிக்கு ஆள் வந்து ஈர மண் என்றான். மு. காரில் போனார். மேனேஜர் என்னிடம் குழியின் ஆழம் எழுதும் சீட்டைக் கொடுத்து, காட்டுக்காரரிடம் கைநாட்டு வாங்கி வரச் சொன்னார். சீட்டை எடுத்தேன். ரிஜிஸ்டரையும் எடுத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது. நடந்தே போனேன்.

410 அடியில் வந்தது. முதலில் வெள்ளைச் சேறு, பிறகு பனை உயரத்துக்குத் தண்ணீர். பெண்கள் குலவை போட்டார்கள், கேட்கவில்லை. அந்த இஞ்சின் சத்தத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஒன்றுதான். அங்கே எல்லாருமே என் மாதிரி.

மு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் ரிஜிஸ்டரைத் திறந்து நீட்டினேன். மே மாதப் பக்கம். விரல் வைத்தேன்.

முறைத்தார். பேனாவை நீட்டினேன். போட்டார். பக்கத்தைத் திருப்பினேன்.

ஜூன் பக்கத்தில் இஞ்சின் சத்தம் இறங்கியது. அப்பா. என்னைப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு பின் டயருக்கு மறுபக்கம் போய்விட்டார். மு. எதிரில் அவர் பீடி பிடிப்பதில்லை.

சத்தம் குறைந்ததும் பேச்சு கேட்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் பயம்.

"என்ன அம்மிணி இது, காட்டுக்குள்ள வந்து?"

"பதினோரு மாசம் பாக்கிங்க. மேனேஜர் வாங்கவே இல்லீங்க." என் குரல்தான்.

"அவன் ஒருத்தன்." போட்டார். ஜூலை. ஆகஸ்ட். பேனா கசிந்தது, துடைத்துக் கொடுத்தேன். மெதுவாகத் துடைத்தேன்.

"ஏனுங்க, சூடம் பத்தவெக்கலாங்களா?" என்றார் காட்டுக்காரர்.

"இருங்க கவுண்டரே, படிச்ச புள்ள உட மாட்டேங்குது."

டிசம்பர். ஜனவரி. டயருக்கு மேலே பீடிப் புகை தெரிந்துகொண்டிருந்தது. பிப்ரவரியில் மை அடைத்த மாதிரி பேனாவை உதறினேன். அடைக்கவில்லை. மார்ச்.

புகை நின்றது. ரிஜிஸ்டரை மூடினேன்.

மு. கம்பியை இழுத்தார். அவர் கையால்தான் நின்றது. சூடம், தேங்காய், எல்லாம். டர்போ கொஞ்ச நேரம் மெல்ல விசிலடித்து ஓய்ந்தது.

கைநாட்டு வாங்க மறந்து திரும்பினேன். மேனேஜர் திட்டினார்.

14-4, செவ்வாய்

வருடப் பிறப்பு. லீவு. அம்மா சுட்ட ஒப்பிட்டுப் போளி, அப்பா இரண்டு முறை கேட்டுச் சாப்பிட்டார்.

15-4, புதன்

வெயில். புது ஆபரேட்டர் எனக்கு முன்பே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அப்பா சாவியை மேஜைமேல் வைத்தார். அப்போது மு. முன்னால் இரண்டு ரிஜிஸ்டரையும் திறந்து வைத்தேன்.

"மூணு டர்போவும் போனதுக்கு முந்தின நாள் யாரு நிறுத்துனாங்கன்னு எழுதியிருக்குதுங்க. கீழ உங்க கையெழுத்துங்க. இது மூளியோடது, மேனேஜர் எழுதுனது. நீங்க போகாத வண்டி. பழைய டர்போவேதானுங்க ஓடுது."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. கையேட்டிலிருந்த ஐந்து நிமிடத்தையும் சொன்னேன்.

மு. படித்து முதல் முறையாகப் பார்க்கிறேன். உதடு அசைகிறது.

"இதுல எப்பக் கையெழுத்துப் போட்டேன்?"

"முந்தாநாள் காட்டுலீங்க."

மேனேஜர் எச்சில் துப்ப எழுந்து போய்விட்டார். மு. மூன்று பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாவியை அப்பா பக்கம் தள்ளினார்.

"ராசு, வண்டிய எடு."

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி: "இனித் தண்ணி வந்தா அஞ்சு நிமிசம் இஞ்சின் மெதுவா ஓடோணும். கங்கைக்கு இஞ்சின் மொதல்ல கும்பிடு போடோணும். நேத்துச் சாமி கும்பிடறப்பத் தோணுச்சு."

"ஆமாங்க" என்றார்கள் எல்லாரும். அப்பாவும். திருச்செங்கோட்டுக்காரனும்.

நான்கு மணிக்கு மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். உட்காரவில்லை. "ஏம்மா, நாளையிலிருந்து ரிஜிஸ்டர நான் எழுதிக்கறேன். நீ வர வேண்டாம்னு ஐயா சொல்லச் சொன்னாரு. படிச்ச புள்ளைக்கு இங்க சரிப்படாதாம்."

மு. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம்.

இரவு அப்பா மண்ணெண்ணெயில் கைகழுவிக்கொண்டே, "சாமி, விசில் என்ன சுத்தமா இருக்குது தெரியுமா? இது ஓடும்" என்றார். எனக்கு வேலை போனதைச் சொல்லவில்லை. காலையில் நான் கிளம்பாதபோது தெரியும்.

கையேடு என் பையில். திருட்டுதான். ஊதுபத்திக் கட்டை மட்டும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.